சலைன் ஏற்றும் முன் கேட்க வேண்டியவை: தீவிர சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ரத்த அழுத்தம் குறைந்தவுடன் அரை லிட்டர் சலைன் ஏற்றுவதே எங்கள் வார்டில் வழக்கம். அதில் என்ன தவறு, சார்? (முதலாண்டு முதுநிலை மாணவர்)

பதில்: செப்சிஸ் அதிர்ச்சியின், அதாவது கடும் தொற்றால் ரத்த அழுத்தம் வீழும் நிலையின், முதல் மணி நேரங்களில் அது பெரும்பாலும் தவறில்லை. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு செப்சிஸ் வழிகாட்டுதலும் முதல் 3 மணி நேரத்திற்குள் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டராவது கொடுக்கலாம் என்றே பரிந்துரைக்கிறது. ஆனால் அந்தக் கட்டம் கடந்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே திரவத்தால் ஸ்ட்ரோக் வால்யூம், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு, 10 முதல் 15 சதவீதம் வரை கூடுகிறது. மற்றவர்களுக்கு ஏற்றிய சலைன் ரத்த ஓட்டத்தைக் கூட்டாமல், நுரையீரலிலும் குடல் சுவரிலும் சிறுநீரகத்திலும் நீராகத் தேங்குகிறது. ஆகவே இரண்டாவது பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன், இந்த இதயம் இதை ஏற்றுக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்ப்பது நம் கடமை என்று கருதுகிறேன்.

கேள்வி: சி.வி.பி. 4 என்று இருந்தால் திரவம் தேவை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. சி.வி.பி. எனும் மைய சிரை அழுத்தம், அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையின் அழுத்தம், ஒரு கணத்தின் அளவு மட்டுமே. அதே 4, நன்றாக இயங்கும் இதயத்திலும் இருக்கலாம், ரத்தம் இழந்த உடலிலும் இருக்கலாம்.

கேள்வி: திரவம் பயன் தருமா என்று அறியக் கால்களை உயர்த்திச் செய்யும் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும்? தலையணை வைத்துக் காலை உயர்த்தினால் போதாதா, டாக்டர்? (தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்)

பதில்: போதாது. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் சோதனை பிழையாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நோயாளியை முதலில் 45 பாகை சாய்ந்த நிலையில் வைத்து, ஸ்ட்ரோக் வால்யூமை அளந்துகொள்ள வேண்டும். பின்னர் கட்டிலின் விசையைக் கொண்டே முதுகுப் பகுதியைத் தாழ்த்திக் கால் பகுதியை 45 பாகை உயர்த்த வேண்டும். அப்போதுதான் கால்களிலிருந்து மட்டுமன்றி வயிற்றுச் சிரைகளிலிருந்தும் சேர்த்து ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் ரத்தம் இதயத்தை நோக்கி வரும். கையால் காலைப் பிடித்துத் தூக்கினால் வலியும் பதற்றமும் இதயத் துடிப்பை விரைவாக்கி நம்மை ஏமாற்றிவிடும். விளைவு ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டி மறையத் தொடங்குவதால், ரத்த அழுத்தத்தை மட்டும் பார்க்காமல் ஸ்ட்ரோக் வால்யூமையே உடனுக்குடன் அளக்க வேண்டும். அது 10 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் திரவம் பயன் தரக்கூடும். நோயாளியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபின் அளவும் பழையபடி இறங்குகிறதா என்று பார்க்க மறவாதீர்கள். வயிற்றுக்குள் அழுத்தம் மிகுந்தவர்களிடமும், கால்களில் இறுக்கமான காலுறை அணிந்தவர்களிடமும் அளவு கூடவில்லை என்பதை அப்படியே நம்ப இயலாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு சொட்டு சலைன்கூட ஏற்றாமல் விடை கிடைக்கிறது என்பதுதான்.

கேள்வி: வென்டிலேட்டரில் உள்ளவருக்கு நாடி அழுத்த மாறுபாடு (ஒரு மூச்சுக்குள் நாடி அழுத்தம் ஏறி இறங்கும் அளவு) 9 சதவீதம், 13க்குக் கீழே இருப்பதால் திரவம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சரியா?

பதில்: டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் செலுத்தப்படும் காற்று, எவ்வளவு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்றால், அந்த 9 எதையும் உறுதி செய்யாது. 13 என்ற எல்லை, தாமாக மூச்சு விடாத, இதயத் துடிப்பு ஒழுங்காக உள்ள, குறைந்தது 8 மில்லிலிட்டர் பெறும் நோயாளிகளுக்கே பொருந்தும். நுரையீரல் இடம் கொடுத்தால் ஒரு நிமிடம் மட்டும் 8க்கு உயர்த்திப் பாருங்கள், மாறுபாடு 3.5 புள்ளிகளோ அதற்கு மேலோ கூடினால் திரவத்திற்குப் பலன் இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் இதய வெளியேற்றத்தை அளக்கும் கருவி இல்லை. என்ன செய்வது?

பதில்: எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) இருந்தால் இடது கீழறையின் வெளியேற்றப் பாதையில் வி.டி.ஐ., அதாவது ஒரு துடிப்பில் ரத்தம் அங்கே கடக்கும் தூரத்தை, அளவிடுங்கள், அதுவே ஸ்ட்ரோக் வால்யூமின் நிழல். எக்கோவும் இல்லையென்றால், முழுமையாக வென்டிலேட்டரைச் சார்ந்துள்ள, அதன் அமைப்புகள் மாறாத நோயாளிக்குக் கால்களை உயர்த்தும்போது மூச்சின் இறுதிக் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் கூடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு அழுத்தம் குறைவாக இருந்தபோதே சலைனை நிறுத்தி, நார்அட்ரினலினைத் தொடங்கினார்கள். கவனக்குறைவு இல்லையா, ஐயா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஆனால் நிறுத்தியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், விரைவாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்திற்குள் இறந்தோர் 10 சதவீதத்திற்கும் மேல். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். உங்கள் தந்தை குழந்தை அல்லர், சூழலும் வேறு. எனினும் திரவமும் தீங்கு செய்யக்கூடிய மருந்து என்பதை அந்த ஆய்வு எங்களுக்கு உணர்த்தியது. ரத்த நாளங்கள் தளர்ந்ததால் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றை இறுக்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்தே தேவை.

கேள்வி: கால்களை உயர்த்தும் சோதனையில் ஸ்ட்ரோக் வால்யூம் 15 சதவீதம் கூடியது. உடனே திரவம் கொடுத்துவிடலாமா?

பதில்: நலமாக உள்ள உங்களுக்கும் எனக்கும் அந்தச் சோதனையைச் செய்தால் பெரும்பாலும் அதே விடைதான் வரும், நமக்குச் சலைன் தேவையில்லை. விரல் நுனியை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகிறதா, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது கூடும் பொருள்) உயர்கிறதா, சிறுநீர் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால், நுரையீரலில் நீர் தேங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு 250 மில்லிலிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை 10 நிமிடத்தில் ஏற்றி, மீண்டும் அளந்து பார்த்த பிறகே அடுத்ததை எண்ணுங்கள்.