ஃபெடரேஷன் கோப்பைக்கு என்ன வேலை இருந்தது? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளப் அணிகளுக்கான ஃபெடரேஷன் கோப்பை நின்றுபோனது இந்தியக் கால்பந்துக்குப் பெரிய இழப்பு என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பருவம் முழுக்கச் சொந்த மைதானத்திலும் வெளியூர்களிலும் ஆடித் தேறி வரும் அணியே சிறந்த அணி. தோற்றவர் உடனே வெளியேறும் நாக்-அவுட் போட்டியில் ஒரு பெனால்டியோ தவறான ஒரு ஆஃப்சைடு தீர்ப்போ எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடுகிறது. 1996இல் தேசிய லீக் வந்த பிறகு இந்தக் கோப்பைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது என்பதே என் எண்ணம். போதாக்குறைக்கு அதன் இடத்தில் இப்போது சூப்பர் கோப்பையும் நடக்கிறது. பிறகு எதற்கு இந்த வருத்தம்?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

லீக்கைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நாட்டின் சிறந்த அணி எது என்று தெரிய வேண்டுமானால் லீக் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஃபெடரேஷன் கோப்பை நமக்குச் செய்து தந்தது வேறொரு காரியம். அதைச் சொல்ல 1977க்குப் போக வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்பு நம் கிளப்புகளுக்குப் பெரிய போட்டிகள் என்றால் டெல்லியில் டூரண்ட், பம்பாயில் ரோவர்ஸ், கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஆகிய மூன்றும்தான். மூன்றும் பழம்பெருமை உள்ளவை, ஆனால் யாரை அழைப்பது என்பது நடத்துபவர்களின் விருப்பம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே தேசிய அளவில் கிளப்புகளுக்கென்று நடத்திய முதல் போட்டி ஃபெடரேஷன் கோப்பை. அதன் முதல் ஆண்டு ஆட்டங்கள் எர்ணாகுளத்தில் நடந்தன. இறுதிப் போட்டியில் கல்கத்தாவின் மோகன் பகானை 1-0 என்று வென்றது பெங்களூரின் ஐ.டி.ஐ. அணி, அதாவது தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் அணி. அந்தத் தோல்வியின் கனத்தை அறிய இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அதே பருவத்தில் மோகன் பகான் ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் மூன்றையும் வென்றது, பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்தது. லீக் ஒன்று அன்று இருந்திருந்தால் பட்டம் அநேகமாக மோகன் பகானுக்கே போயிருக்கும், ஐ.டி.ஐ.யின் பெயர் நம் நினைவில் தங்கியிருக்காது.

கோப்பை ஊர் ஊராகப் போனது. அடுத்த ஆண்டே கோயம்புத்தூருக்கு வந்தது. இறுதி ஆட்டம் கோலின்றி முடிய, மோகன் பகானும் அதே ஊரின் எதிரணியான ஈஸ்ட் பெங்காலும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. பிறகு குவாஹாட்டி, கண்ணூர், ஸ்ரீநகர் என்று அது சுற்றிய வழி நீளமானது. லீக்கில் உங்கள் ஊருக்கு ஓர் அணி இருந்தால்தான் உங்கள் மைதானத்தில் ஆட்டம் உண்டு. அணி இல்லாத ஊருக்கு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டு வாரம் வந்து தங்கி ஆடுவது என்பது இப்படிப்பட்ட கோப்பைப் போட்டியால் மட்டுமே நடக்கக்கூடியது.

1990இல் அது திருச்சூருக்குப் போனபோது நடந்ததை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. திருச்சூர் நகராட்சி மைதானத்தில், ஆட்ட நாட்களில், ஒரு பாட்டிலுக்குப் பத்து பைசா கிடைக்கும் என்று சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன். காவல் துறை அவரைப் பதின்பருவத்திலேயே தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷரஃபலி ஆகியோரோடு அவர் ஆடிய கேரளப் போலீஸ் அணி, அதே மைதானத்தில், நடப்புச் சாம்பியனாக இருந்த கோவாவின் சல்கோகரை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. மறு ஆண்டு கண்ணூரில் மகிந்திரா அணியை வென்று அதைத் தக்கவைத்துக்கொண்டது. நாடறிந்த ஆட்டக்காரராகி விஜயன் கல்கத்தாவுக்குப் போனது அதற்குப் பிறகுதான். ஒரு மாநிலக் காவல் துறை அணிக்குத் தேசிய மேடை கிடைத்தது இந்தக் கோப்பையால்.

அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1997 ஜூலை 13 அன்று கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் நடந்த அரையிறுதியை எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளர் அமல் தத்தாவின் மோகன் பகான் தன் வைர வடிவ ஆட்டமுறையால் கோல்களைக் குவித்தபடி வந்திருந்தது. எதிரே பி.கே. பானர்ஜி பயிற்சியளித்த ஈஸ்ட் பெங்கால். அரங்கில் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. எதிரணியின் பலத்தை எந்த இடத்தில் உடைக்கலாம் என்று அந்த ஒரு மாலைக்காகவே கணக்குப் போட்ட பயிற்சியாளரின் வெற்றி அது. அதிர்ஷ்டம் என்று அதைத் தள்ளிவிட என்னால் முடியாது. அதே ஈஸ்ட் பெங்கால் இறுதியில் சல்கோகரிடம் 1-2 என்று தோற்றது. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்ற இடமே இல்லாத ஆட்டத்தில்தான் இப்படிப்பட்ட திட்டங்களும் இப்படிப்பட்ட சரிவுகளும் வெளிப்படுகின்றன.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் ஃபெடரேஷன் கோப்பை முதலில் அணிகளைப் பிரிவுகளாக்கி ஒன்றோடொன்று மோதவிடும் பிரிவு ஆட்டங்கள், பிறகே நாக்-அவுட் என்று நடந்தது. அது போட்டியின் கூர்மையை மழுக்கியது என்பதே என் கருத்து.

சூப்பர் கோப்பையை நான் வெறுக்கவில்லை. 2017இல் கட்டக்கில் சி.கே. வினீத் கூடுதல் நேரத்தில் அடித்த இரண்டு கோல்களோடு ஃபெடரேஷன் கோப்பை முடிந்தது. அந்த ஆட்டத்தில் மோகன் பகானை வென்ற பெங்களூரு எஃப்.சி.யே 2018இல் முதல் சூப்பர் கோப்பையையும் வென்றது. ஆனால் அது இன்னும் வேர் பிடிக்கவில்லை. 2019இல், அன்றைய தேசிய அளவு லீக்குகளில் ஒன்றான ஐ-லீக்கின் அணிகள் பல அதைப் புறக்கணித்தன. ஆட்டமுறை ஒரு தடவை நேரடி நாக்-அவுட், ஒரு தடவை பிரிவு ஆட்டங்கள் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான தடவைகள் அது புவனேஸ்வரத்திலேயே நடந்துவிட்டது. பயிற்சி மைதானங்களும் விடுதிகளும் அங்கே தயாராக இருப்பது நடத்துபவர்களுக்கு வசதி, அது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் முதல் சுற்றிலிருந்தே தோற்றவர் வெளியேறும் முறையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, கீழ் நிலை லீக்குகளின் அணிகளுக்கும் நான்கைந்து இடங்கள் ஒதுக்கி, ஆண்டுக்கொரு ஊராக அதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கிறேன். 1978இல் ஃபெடரேஷன் கோப்பை வந்த கோயம்புத்தூரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.