கடலோர வீடு, வண்டி, விறகு: அடைமழைக்கு முன் கேள்வி பதில்

ஐப்பசி மழைக்கு இன்னும் ஏறக்குறைய ஆறு வாரங்கள் இருக்கின்றன. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளை ஒருசேரப் படித்தேன். விறகு, இரும்பு, சுவர், கார் என்று பொருள் வேறுபட்டாலும், பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே தவறுதான்: கடற்காற்று கொண்டுவந்த உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே விட்டுவிட்டு மேலே மூடிவிடுகிறோம். முப்பது ஆண்டுகளாகக் கடலூரில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில், நானே கையால் செய்து பார்த்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மையார்: தை மாதம் மகளுக்குத் திருமணம். சமையலுக்காக ஒரு டன் பச்சைச் சவுக்கு விறகு வாங்கித் தோட்டத்தில் அடுக்கி, மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டோம். நேற்றுப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே வியர்த்திருந்தது. மழைநீர் இறங்கியிருக்குமா?

இறங்கவில்லை, அம்மா. அது விறகின் சொந்த நீர். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கும். அடுப்பில் வைக்கத் தக்க விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்திருக்க வேண்டும். மீதி நீர் வெளியேற நீங்கள் வழி விடவில்லை என்பதால் அது தார்ப்பாயில் முட்டித் திரும்பவும் கட்டைகளின் மேலேயே சொட்டுகிறது. இப்படியே அடுப்பில் வைத்தால், நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு அந்த நீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும். அண்டாவுக்குச் சேர வேண்டிய சூடு குறைந்து, புகையும் கரியும்தான் மிஞ்சும்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. உறவினர் தோப்பிலிருந்து ஒரு வண்டி முந்திரிக் கட்டையைக் கொண்டுவந்து, பிளக்காமல், தரையிலேயே போட்டு, தார்ப்பாயால் மூடிக் கட்டினேன். பங்குனியில் பிரித்தபோது அடிவரிசைக் கட்டைகளின் பட்டை கையோடு உரிந்து வந்தது. உள்ளே வெள்ளைப் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. தரையைத் தொட்ட பக்கத்தைக் கரையான் மண்ணாக்கியிருந்தது. விழுந்த மரத்தை வளர்த்தவர்களின் துயரம் எனக்குத் தெரியும். அந்த விறகையாவது உருப்படியாகக் காப்பாற்றியிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஆகவே இன்றே பிரித்துவிடுங்கள். மணிக்கட்டை விடப் பருமனான கட்டைகளை எல்லாம் பிளந்துவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது பிளப்பது எளிது, காய்ந்த சவுக்கு கோடாலியைத் திருப்பி அனுப்பும். மரத்துக்குள் நீர் நீளவாக்கில் ஓடும் என்பதால், அது வெளியேறுவதும் பெரும்பாலும் வெட்டுமுகத்தின் வழியாகத்தான். அந்த முகங்கள் வரிசையாகக் காற்றைப் பார்த்திருக்கட்டும். கீழே செங்கல்லை அரை அடி உயரத்துக்கு வைத்து, அதன்மேல் இரண்டு கழிகளைப் போட்டு, அவற்றின் மேல் இடுப்பளவு உயரத்துக்கு ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி வேண்டும். நம் பக்கத்தில் மழைக்கால மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால், அந்தப் பக்கத்துக்கு வீட்டுச் சுவரே மறைப்பாக அமையும் இடமாகப் பார்த்து, தெற்கும் மேற்கும் திறந்திருக்கும்படி விடுவது நல்லது. மூடுவது மேற்புறத்தை மட்டும்: ஒரு தகரத்தைச் சாய்வாக வைத்து, ஒரு முழம் வெளியே நீட்டி, காற்றுக்குப் பறக்காதபடி கயிற்றால் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தகரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். பறக்கும் தகரம் ஆளை வெட்டும். இரண்டு நாள் நனைந்த விறகு வெளித்தோலில் மட்டுமே ஈரமாகி, வெயில் வந்ததும் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்று அறியக் கருவி ஏதும் தேவையில்லை. அடுக்கின் நடுவிலிருந்து மூன்று கட்டைகளை எடுத்து, சாக்கட்டியால் எண் எழுதி, எடை போட்டுக் குறித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் எடை இறங்கிக்கொண்டே வரும். இறக்கம் நின்றுவிட்டால், அந்தப் பருவத்தில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: பச்சைக் கட்டை ‘தொப்’ என்று மந்தமாக ஒலிக்கும், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். தை மாதத்துக்குள் முழு டன்னும் காயுமா என்பது மழையைப் பொறுத்தது; ஆகவே பந்திச் சமையலுக்கு வேண்டியதில் கால் பங்கையாவது, பழைய விறகாகக் கடையில் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்: விறகடுக்கில் கரையான் வராமலிருக்க மண்ணெண்ணெய் தெளிக்கலாமா? பாம்பு பயமும் இருக்கிறது.

தெளிக்க வேண்டாம், அடுப்பில் எதிர்பாராமல் குப்பென்று பற்றும், சமையலிலும் வாடை ஏறும். கரையான் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே சொன்ன செங்கற்கால்களை வாரம் ஒருமுறை பார்த்து, மண்குழாய் ஏறியிருந்தால் தட்டிவிட்டாலே போதும். பாம்பைப் பொறுத்தவரை, அடுக்கை வாசலையும் குளியலறையையும் ஒட்டி வைக்காதீர்கள். இருட்டில் விறகு எடுக்காமல், செருப்பணிந்து, கழியால் தட்டிய பின் மேலிருந்து எடுங்கள். கண்ணாடி விரியனும் தேளும் விரும்பித் தங்குவது அடிவரிசையில்தான். கடிபட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: இரும்பு கேட்டுக்குப் போன ஆண்டுதான் பெயின்ட் அடித்தோம். அதற்குள் கொப்பளித்துத் துரு கிளம்பிவிட்டது. பெயின்ட் மட்டமானதா?

பெயின்டைக் குறை சொல்வதற்கு முன், அடிப்பதற்கு முன்னால் கேட்டை நல்ல தண்ணீரில் கழுவினீர்களா என்று யோசித்துப் பாருங்கள், தம்பி. கடலிலிருந்து சில நூறு அடியில் நிற்கும் இரும்பில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்வதால், பெயின்டுக்கு அடியில் துரு தூங்காமல் வேலை செய்துகொண்டிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் உப்பை நீக்காது. குழிகளுக்குள் இன்னும் அழுத்திவிடும். முதலில் கழுவி, காயவைத்து, கம்பிப் பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, மறுபடி கழுவித் துடைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமர் மட்டும் அடித்து ஒரு வாரம் விட்டுவைத்தால் அதிலும் உப்புப் படியும்; பிரைமர் காய்ந்ததும் தாமதிக்காமல் மேல்பூச்சு இரண்டு முறை அடியுங்கள். துரு எப்போதும் முதலில் தொடங்குவது வெல்டிங் மூட்டுகளிலும் கூர்விளிம்புகளிலும் என்பதால், அவற்றுக்குச் சிறு பிரஷால் தனியாக ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள். குழாய்ச் சட்டமாக இருந்தால் கீழ்முனையில் ஒரு சிறு துளை போட்டு, உள்ளே தேங்கும் நீர் வடிய வழி செய்யுங்கள். இதற்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. இப்போது துரு கிளம்பிய இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு, முழு வேலையை அப்போது செய்யுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. கீழ்ச்சுவரில் ஓதம் ஏறி உதிர்ந்ததால் சிமென்ட் பூசினோம். இப்போது ஓதம் அதற்கும் மேலே ஏறிவிட்டது.

ஐயா, பழைய செங்கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கிறது. அந்த ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும் என்பதால் நீர் ஆங்காங்கே ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால், நீர் வேறு வழியின்றி சிமென்ட் முடியும் உயரம்வரை ஏறி, அங்கே வெளிவந்து, உப்பை வெள்ளையாகப் பூக்கவிட்டு, பூச்சைப் பொரியவைக்கிறது. பிளாஸ்டிக் பெயின்டும் நீர்க்காப்புப் பூச்சும் அடித்தால் இதே கதைதான் இன்னோர் அடி மேலே நடக்கும்.

ஓதக் கோட்டுக்கு மேல் இரண்டடி வரை சிமென்டையும் பழைய பூச்சையும் கொத்தி எடுத்துவிடுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் ஏந்தி, வெளியே கொட்டுங்கள். கேட்டுக்குச் சொன்னதுபோல் இங்கே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து செங்கல்லுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். அடுத்த கோடை முழுவதும் செங்கல் திறந்தபடியே இருக்கட்டும். பார்வைக்கு நன்றாக இராது என்பது உண்மைதான். ஆனால் அவசரப்பட்டுப் பூசிய எந்தப் பூச்சும் இங்கே நின்று நான் பார்த்ததில்லை. அதற்குள், மாடித் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா, தெருமட்டம் உயர்ந்து வெளித்தரை வீட்டுத் தரையை விட மேடாகிவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். பின்பு நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசி, மேலே வெள்ளையடியுங்கள். கடல்மணல் வேண்டவே வேண்டாம்.

புதுச்சேரி ரெயின்போ நகரிலிருந்து ஒருவர்: ஃபெஞ்சல் புயலன்று காருக்குள் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. ஸ்டார்ட் செய்து பார்த்ததும் இன்ஜின் போய்விட்டது. இந்த ஆண்டும் அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. யாரும் எதிர்பார்க்காத அளவு அது. சாவியைத் திருப்பியதுதான் சேதத்துக்குக் காரணம். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இனி அப்படி நேர்ந்தால் சாவியைத் தொடாமல், நீர்மட்டம் தெரியும்படி புகைப்படம் எடுத்துவையுங்கள். நீர் வடிந்தபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலோ, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தாலோ, வண்டியைக் கட்டியிழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தரைவிரிப்பையும் அதன் அடியில் உள்ள பஞ்சையும் அன்றே வெளியே எடுத்துக் காயவையுங்கள். மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடிப்பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் வைத்துத் தரைத்தகட்டை அரித்துவிடும். தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டால், சாதாரணக் காப்பீட்டில் அதற்கு இழப்பீடு கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். மின்சாரக் காராக இருந்தால் நீங்கள் எதையும் கழற்றாதீர்கள். நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்களையே அழையுங்கள்.

வீராம்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி: பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. நானே சுத்தம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கலந்து பழைய பல் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக் கரையும். நல்ல தண்ணீரால் துடைத்து, காயவைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, கடைசியாக நெகட்டிவை மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர்: மழை நாளில் மோட்டார் சுவிட்சைத் தொட்டால் சுரீரென்கிறது.

இதை நீங்களே செய்யாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை இன்றே அழைத்து, எர்த்தைச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற சுவிட்சைப் பொருத்தச் சொல்லுங்கள்.

முதுநகர் அம்மையார் மீண்டும்: விறகு போதாவிட்டால், வீட்டை இடித்தபோது கிடைத்த பழைய ஜன்னல் சட்டங்களை எரிக்கலாமா?

பெயின்ட் அடித்த மரத்தை, அதிலும் பழைய வீட்டு மரத்தை, சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்தது, அது புகையிலும் சாம்பலிலும் தங்கும். பிளைவுட்டுக்கும் இதையே சொல்வேன். சட்டங்கள் தேக்காக இருந்தால் பழைய மரக்கடையில் நல்ல விலை கிடைக்கும். அந்தப் பணத்தில் காய்ந்த சவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.