அந்த 1,700 கோடி எங்கே போகிறது, அண்ணாச்சி?

அண்ணாச்சி, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பாப்பா பிளஸ் டூ முடித்துவிட்டாள், அனிமேஷன்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். விசாரிக்கப் போன இடத்தில் ஆறு லட்சம் கட்டணம் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு கார்ட்டூன் படத்துக்கே 1,700 கோடி செலவழிக்கிறாங்க, அதுல வேலை பார்க்கிறவங்களுக்கு என்ன சம்பளம் வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற நகையை வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்ல, அந்த 1,700 கோடி எங்கே போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வருமுன் எட்டு வருஷம் பெங்களூரில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் லைட்டிங் பிரிவில், அதாவது காட்சிக்கு வெளிச்சம் அமைக்கும் பிரிவில் இருந்தேன். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

தொகை பொய்யில்லை. 2010இல் வந்த டாய் ஸ்டோரி 3 படத்துக்கு அமெரிக்காவின் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனம் செலவழித்தது சுமார் 20 கோடி டாலர், கிட்டத்தட்ட நீங்கள் கேட்ட அந்த 1,700 கோடி ரூபாய்தான். அதே வருஷம் டிஸ்னி எடுத்த டேங்கில்டு படத்துக்கு 26 கோடி டாலர் ஆனது. ஆனால் "கம்ப்யூட்டர்தானே வரைகிறது, பிறகு ஏன் இவ்வளவு?" என்று நீங்கள் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி.

கேமரா வைத்து எடுக்கும் படத்தை நினைத்துப் பாருங்கள். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். சுவரில் உரிந்த சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. வெயில் சும்மா வருகிறது. நடிகை நடந்தால் சேலை தானாக மடிகிறது, காற்றடித்தால் முடி தானாகப் பறக்கிறது. அனிமேஷனில் இது எதுவும் சும்மா வராது. அந்தச் சுவரை ஒருவர் கட்ட வேண்டும். உரிந்த சுண்ணாம்பை இன்னொருவர் அதன்மேல் பூச வேண்டும். வெயில் எந்த ஜன்னல் வழியாக, எந்தச் சாய்வில் விழ வேண்டும் என்று மூன்றாவது ஆள் முடிவு செய்ய வேண்டும். முடிக்கு ஒருவர், துணிக்கு ஒருவர், கால் வைத்தால் கிளம்பும் தூசிக்கு ஒருவர். பாத்திரம் அசைவதற்கு முன்னால் அதற்குள் எலும்பும் மூட்டும் வைத்துத் தர ஒருவர். அவரை ரிக்கர் என்பார்கள். 1995இல் வந்த முதல் டாய் ஸ்டோரியில் உட்டி என்ற பொம்மையை அசைத்து ஆட்டிவைக்க 723 கன்ட்ரோல்கள் இருந்தன. அதில் முகத்துக்கு மட்டும் 212, வாய்க்கு மட்டும் 58. கம்ப்யூட்டரில் வந்த முதல் முழுநீளப் படத்திலேயே இந்தக் கதை.

திரையில் ஒரு விநாடி ஓட 24 அசையாப் படங்கள் வேண்டும், ஒவ்வொன்றையும் பிரேம் என்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு 1,29,600 பிரேம். அனிமேட்டர் என்பவர் வாரம் முழுக்க உட்கார்ந்தாலும் சில விநாடி நடிப்புதான் முடிப்பார். பிறகு லைட்டிங், அதற்குப் பிறகு ரெண்டரிங். ரெண்டரிங் என்றால் இதுவரை அமைத்த எல்லாவற்றையும் கணக்கிட்டு இறுதிப் படமாக்குவது. அதுதான் கம்ப்யூட்டர் தனியாகச் செய்யும் வேலை. 2013இல் வந்த மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி படத்தில் ஒரே ஒரு பிரேமுக்குச் சராசரியாக 29 மணி நேரம் கணக்குப் போட்டது இயந்திரம். ஆயிரக்கணக்கான இயந்திரங்களைச் சேர்த்து ஓட்டுவதால்தான் படம் வெளியே வருகிறது. வருஷா வருஷம் கம்ப்யூட்டர் வேகமாகிறதே, செலவு குறைய வேண்டாமா என்றால், குறைவதில்லை. 2001இல் வந்த மான்ஸ்டர்ஸ் இங்க் படத்தில் சல்லி என்ற பூதத்துக்கு 23 லட்சம் முடி. 2013இல் அதே பூதத்துக்கு 55 லட்சம் முடி. வேகம் கூடக் கூட, கலைஞர்களின் ஆசையும் கூடிக்கொண்டே போகிறது.

இருந்தாலும் இயந்திரச் செலவு சின்னது. பெரிய செலவு ஆட்கள்தான். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 300 பேர், நான்கு வருஷம். அமெரிக்காவில் ஓர் ஆளுக்குச் சம்பளம், காப்பீடு, இடம், மின்சாரம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்தால் 18 கோடி டாலர் வந்துவிடுகிறது. 1,700 கோடி என்று உங்களிடம் சொன்னதில் பெரும்பங்கு இப்படிப் பல நூறு பேருக்குப் பல வருஷம் பிரித்துக் கொடுத்த மாதச் சம்பளம். அந்தச் சம்பளமும் கலிபோர்னியாவின் வீட்டு வாடகைக்கும் விலைவாசிக்கும் ஏற்ற சம்பளம். இதை உங்களிடம் யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் செலவின் உயிர்நாடி. இந்தத் தொழிலில் செய்வதைவிட, செய்ததைத் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்பச் செய்வதற்குத்தான் அதிகக் காசு போகிறது.

என் அனுபவம் ஒன்று. வெளிநாட்டுப் படம். சமையலறைக் காட்சி, நான்கே விநாடி. மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் பால், பின்னால் ஜன்னல். லைட்டிங் செய்து அனுப்பினேன். "பால் வெள்ளை பெயின்ட் மாதிரி இருக்கிறது" என்று திரும்பி வந்தது. சரி செய்து அனுப்பினேன். இப்போது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார்கள். அன்று ராத்திரி அறைக்குப் போய்க் கண்ணாடி டம்ளரில் பாலை ஊற்றி, மேஜை விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் பாலின்மேல் பட்டுத் திரும்புவதில்லை அண்ணாச்சி. கொஞ்சம் உள்ளே போய், சிதறி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. அதனால்தான் டம்ளரின் ஓரம் லேசாக ஒளிர்கிறது, நிழல் விழும் பக்கம்கூடக் கறுப்பாக இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் என்னால் பாலைப் பாலாகக் கொண்டுவர முடிந்தது. பதினோராவது திருத்தத்தில் ஒப்புதல் வந்தது. மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சியே கதைக்குத் தேவையில்லை என்று எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். எனக்குச் சம்பளம் கிடைத்தது. அந்தச் சம்பளம் படத்தின் செலவில் ஏறியது. திரையில் அந்தப் பால் டம்ளர் இல்லை.

இது என் ஒருத்தியின் உழைப்பு மட்டும்தான். கதையே சரியில்லை என்று முடிவானால் எல்லோருடைய உழைப்பும் போகும். டாய் ஸ்டோரி 2 அப்படித்தான் ஆனது. வேலை நன்றாக முன்னேறிய பிறகு, படம் நன்றாக இல்லை என்று பிக்ஸார் ஆட்களே உணர்ந்து, ஒன்பதே மாதத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் மாற்றி எடுத்து 1999 நவம்பரில் வெளியிட்டார்கள். படம் பெரிய வெற்றி. ஆனால் அந்த ஒன்பது மாதம் ஆட்களைப் பிழிந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களுக்குக் கை, மணிக்கட்டு நோவு வந்தது. தூக்கம் கெட்டுப்போன ஓர் ஊழியர், குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, வெயிலில் நின்ற காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். நல்லவேளையாகக் குழந்தை பிழைத்தது. பிக்ஸாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் பிற்பாடு தாமே எழுதி வைத்த சம்பவம் இது. பாப்பாவும் இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும்.

குறைந்த செலவில் எடுக்க முடியாதா? முடியும். டாய் ஸ்டோரி 3 வந்த அதே 2010இல் இல்லுமினேஷன் நிறுவனம் டெஸ்பிகபிள் மீ படத்தைப் பாரிசில் ஒரு ஸ்டூடியோவில் வைத்து 6.9 கோடி டாலரில் முடித்தது. கலிபோர்னியாவை விடக் குறைந்த கூலி, எளிமையான உருவங்கள். 2024இல் வந்த ஃப்ளோ என்ற பூனைப் படம் இன்னும் பெரிய உதாரணம். லாட்வியா நாட்டு இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் ஒரு சிறு குழுவோடு, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில், சுமார் 35 லட்சம் யூரோவில் எடுத்தார். நம் காசுக்கு முப்பத்துச் சொச்சம் கோடி. 2025இல் ஆஸ்கர் வாங்கியது. வசனம் கிடையாது, ரோமத்தை இழை இழையாக எண்ணிக் காட்டவும் இல்லை. ஆனால் அந்தப் பூனை பயந்து முதுகைத் தூக்கும்போது நிஜப் பூனையைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கூலி குறைவு என்ற முக்கியக் காரணத்தால் வெளிநாட்டு வேலையில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வருகிறது. 2011இல் வந்த புஸ் இன் பூட்ஸ் படத்தில் பெங்களூர் கலைஞர்களின் உழைப்பு நிறைய இருந்தது. பெங்களூர், ஹைதராபாத், மும்பை, திருவனந்தபுரம், சென்னை என்று ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. ஆனால் வந்த வேலை போகவும் செய்யும். வெளிநாட்டுப் படங்களுக்காக இங்கேயும் ஸ்டூடியோ நடத்திவந்த பிரெஞ்சு நிறுவனமான டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் நொடித்துப்போனபோது நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள், நடு ராத்திரியில் அழைத்து அழுதார்கள். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. பல இடங்களில் ஒரு படம் முடியும்வரைதான் ஒப்பந்தம். ஆறு லட்சம் கடனை வட்டியோடு தலையில் வைத்துக்கொண்டு அந்த முதல் மூன்று வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று அந்த ஆறு லட்சம் கேட்டவர்கள் சொன்னால், போன வருஷம் முடித்த ஐந்து பேரின் செல்பேசி எண்ணைக் கேளுங்கள். அவர்களிடம் நீங்களே பேசுங்கள்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. பாப்பா எனக்கு அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு வெள்ளாடு படுக்கையிலிருந்து எழுவதை ஒன்பது படமாக வரைந்திருக்கிறாள். ஆடு எழும்போது பின்னங்கால்தான் முதலில் எழும். முன்னங்கால் மடிந்து முழங்காலில் நிற்கும், தலை தாழும், அப்புறம்தான் முன்பக்கம் எழும். குதிரை இதற்கு நேர் எதிர், முன்னங்காலை ஊன்றித்தான் எழும். அனிமேஷன் படித்து முடித்து வேலைக்கு வந்த பையன்கள் இதைத் தப்பாகச் செய்து நான் பார்த்திருக்கிறேன். பாப்பா மூன்றாவது படத்தில் தப்பாக வரைந்து, அழித்து, மறுபடி வரைந்திருக்கிறாள். அழித்த தடம் தெரிகிறது. மறுபடி தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாற்றினேன் என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறாள். ஸ்டூடியோக்கள் காசு கொடுத்துத் தேடுவது இந்தக் கண்ணையும் இந்தப் பொறுமையையும்தான். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஏஐ வந்து முதலில் பறிக்கப்போவதும் பொத்தான் அமுக்கும் வேலையைத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே என் யோசனை இது. சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் இளங்கலைப் படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம், அதற்கு முதலில் விண்ணப்பம் போடுங்கள். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்கு இந்த வருஷம் முழுக்கத் தயாராகட்டும். கடினமான தேர்வு, ஆனால் அதில் சோதிப்பது கண்ணையும் யோசனையையும்தான், பாப்பாவுக்கு அது ஒத்துவரும். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துக்கொண்டே வீட்டில் பிளெண்டர் பழகலாம். அந்த ஆறு லட்சத்தில் ஒரு பங்கு போதும், நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்க.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மதினியும் வந்தால் நல்லது. நோட்டை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புது நோட்டில் அழகாகத் திருப்பி வரைந்து கொண்டுவர வேண்டாம். அழித்து அழித்து வரைந்த அந்தப் பழைய நோட்டே வேண்டும்.