ஓஎஸ், வன்பொருள், சி: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி (இரண்டாமாண்டு பி.இ.): அண்ணா, ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பாடத்துக்கு எல்லாரும் டைனோசர் புத்தகம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அட்டையில் டைனோசர் போட்ட, சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே எழுதிய 'ஆபரேட்டிங் சிஸ்டம் கான்செப்ட்ஸ்'தானே? தேர்வுக்கு வேண்டிய தலைப்பெல்லாம் அதில் உண்டு. லைப்ரரியில் எடுத்துக்கொள்ளுங்கள், காசு போட வேண்டாம். புரிந்து படிக்க நான் சொல்வது, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுசோ இருவரும் எழுதிய 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்'. அத்தியாயங்கள் எல்லாம் அவர்கள் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசம்.

அதன் பலமே பயிற்சிகள்தான். ஷெட்யூலிங் (எந்த வேலைக்கு எப்போது சிபியு, அதாவது ப்ராசசர், தருவது என்ற) பாடத்தோடு சின்ன பைத்தான் நிரல் ஒன்று வருகிறது. மூன்று வேலைகளைக் கொடுத்து, ரவுண்டு ராபினில் (வேலைகளுக்கு மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சம் நேரம் தரும் முறை) நேரத் துண்டை 10, 5, 1 என்று குறைத்துக்கொண்டே ஓடவிடுங்கள். ரெஸ்பான்ஸ் டைம் (ஒரு வேலை முதல்முறை ஓடத் தொடங்கும்வரை காத்திருக்கும் நேரம்) இறங்குவதும், வேலைகள் முடிய அதிக நேரம் பிடிப்பதும் கண்ணெதிரே தெரியும். ஃபார்முலாவை மனப்பாடம் செய்தால் இந்தத் தெளிவு வராது.

கேள்வி: டேனன்பாம் எழுதிய ஓஎஸ் புத்தகம் எப்படி?

அவருடைய இரண்டு புத்தகங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'மாடர்ன் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்' பொதுவான பாடநூல். கற்பிக்க அவரே எழுதிய மினிக்ஸ் என்ற சின்ன ஓஎஸ்ஸின் மூல நிரலோடு வந்தது வேறு, அது 1987-இல் வெளியானது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸுக்கு முன் படித்தது அதைத்தான். இன்று மூல நிரலைப் படிக்க விரும்பினால் எம்ஐடி பாடத்துக்காக எழுதிய சின்ன ஓஎஸ்ஸான எக்ஸ்வி6 போதும். விளக்க நூலும் இலவசம்.

கேள்வி: நான் பி.காம். கம்ப்யூட்டர் உள்ளே என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து தெரிய ஆசை.

சார்லஸ் பெட்ஸோல்டின் 'கோட்', 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு. மோர்ஸ் குறியீட்டில் ஆரம்பித்து, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ஒரு சிபியு வரை கொண்டுபோகிறார். பெரிய கணக்கு தேவையில்லை. அது பிடித்துவிட்டால் நிசான், ஷாக்கன் எழுதிய 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ்'. நாண்டு கேட் என்ற அடிப்படை லாஜிக் சர்க்யூட்டிலிருந்து தொடங்கி சிபியு, கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) எல்லாவற்றையும் நீங்களே செய்வீர்கள். அசெம்பிள் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் நோக்கம் என்றால் இவை உதவாது.

கேள்வி: வன்பொருள் பாடத்துக்குப் பேட்டர்சன்-ஹென்னெசி எழுதிய புத்தகம் வாங்கப் போனால் மிப்ஸ், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று மூன்று வகை இருக்கிறதே?

மூன்றும் வெவ்வேறு ப்ராசசர் கட்டளைத் தொகுப்புகள். கல்லூரியில் மிப்ஸ் என்றால் மிப்ஸே வாங்குங்கள். சுயமாகப் படிப்பவருக்கு ரிஸ்க்-ஃபைவ். எக்ஸ்வி6-இன் இப்போதைய வடிவமும், ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசசரும் அதே கட்டளைத் தொகுப்பில்தான். ரிஸ்க்-ஃபைவ் ஒன்றைக் கற்றால் இந்தப் புத்தகம், எக்ஸ்வி6, சக்தி மூன்றையும் படிக்கலாம். அதே இருவரின் 'குவாண்டிடேட்டிவ் அப்ரோச்' முதுகலைக்கானது, இப்போது வேண்டாம்.

கேள்வி: சி மொழி கற்க கெர்னிகன்-ரிச்சி எழுதிய புத்தகம் போதுமா சார்?

வேறு மொழி தெரிந்தவருக்கு அருமையான நூல். 1988 பதிப்பு 300 பக்கத்துக்குள் முடிந்துவிடும். முதல் மொழியே சி என்றால் கே.என். கிங்கின் 'சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்' நல்லது, பொறுமையாக விளக்குவார். டர்போ சி-யை நம்பி எழுதிய புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். அது டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய ஓஎஸ்) காலத்துக் கம்பைலர். அதில் இன்ட் (முழு எண் வகை) 16 பிட்தான், 32767-ஐத் தாண்டாது. இன்றைய கம்பைலரான ஜிசிசி போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: தமிழில் ஏதாவது?

இந்த அளவு ஆழத்தில் நான் பரிந்துரைக்க ஒன்றுமில்லை. ஆனால் கணியம் அமைப்பு வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசையில் லினக்ஸ் நூல் இருக்கிறது, இலவசம். முதலில் அதைப் படித்து டெர்மினல் கட்டளைகள் கைக்கு வரட்டும். அப்புறம் எக்ஸ்வி6-ஐத் திறங்கள்.