கோட்டையும் வாடையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கிறேன். எவ்வளவு பருத்த மதில்! 1782இல் பிரெஞ்சுக்காரர் இதைச் சில நாட்களில் பிடித்ததாகப் படித்தேன். உள்ளே இருந்த ஆங்கிலேயர் கோழைகளா? சுரங்கப்பாதை இருந்தது உண்மையா?

– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

சுரங்கப்பாதையை விடுங்கள். கோழைகளா என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், கோபத்தோடுதான். கடலோரத்தில் பிறந்துவிட்டு மதிலை மட்டும் பார்த்துத் திரும்பலாமா?

அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுத்தான் கப்பல்கள் நின்றன. ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்தால் அங்கே நிற்க முடியாது. போர்க்கப்பல்கள் பம்பாய்க்குப் போயாக வேண்டும். சோழமண்டலக் கரை மாதக்கணக்கில் காவலின்றிக் கிடக்கும். அந்தக் கரைக்குக் கிட்ட, வாடையிலும் பெரிய கப்பல்கள் தங்கக்கூடிய இடம் நம் திருகோணமலை உட்துறைமுகம். சண்டை அதற்காக.

துறைமுகத்தில் வேலை பார்த்த என் அம்மப்பா ஐப்பசி மாதத்தில் என்னைக் கோணமலை உச்சிக்குக் கூட்டிப்போவார். வெளிக்கடல் குமுறிக்கொண்டிருக்கும். இறங்கி உட்துறைமுகப் பக்கம் போனால் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். "இதுக்குத்தான் வெள்ளைக்காரன் வந்தவன்" என்பார். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

சரி, 1782. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் படையை இறக்கினார். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸ் சென்னையில் கப்பல்களைச் செப்பனிட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தார். எதிர்க்காற்று அவரைத் தாமதப்படுத்தியது. 30ஆம் திகதி கோட்டை பணிந்தது, மறுநாள் துறைமுக வாயைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டையும். ஹியூஸ் வந்து சேர்ந்தது செப்டம்பர் 2. சரணடைந்தவர்களைச் சென்னைக்கே அனுப்பிவைக்க சுஃப்ரன் சம்மதித்தார். தாராள மனம் மட்டுமல்ல தம்பி, ஹியூஸ் வந்துவிடுவார் என்ற அவசரம். உதவி எப்போது வரும் என்று தெரியாமல் உள்ளே கிடந்த சிறுபடை அந்த நிபந்தனையை ஏற்றது. அவர்களை எந்த நியாயத்தில் கோழை என்கிறீர்கள்?

பிறகு கோட்டை மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 ஆகஸ்டிலும் அதே கதை. ஒல்லாந்தரைக் காக்க ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டை ஆங்கிலேயரிடம் போனது. அந்தப் படையில் சென்னையிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, அதுவும் எனக்கு வருத்தம்தான்.

ஒஸ்டன்பேர்க் இப்போது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் மேலே நின்று துறைமுக வாயைப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.