நான்கு பேர் பெரும்பான்மை

அன்புள்ள ஐயா,

ஈராக் போர் பற்றிய கட்டுரையில் டோனி பிளேயரைக் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவை மீறி நடக்க எந்த பிரிட்டிஷ் பிரதமரால் முடிந்தது? 1956இல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரதமர் ஈடன் முயன்று பார்த்தார், பதவியே போய்விட்டது. பிளேயருக்கு வேறு வழி இருக்கவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே முதுகில் குத்தியபோதும் அசையாமல் நின்றார். அந்த உறுதியையாவது பாராட்ட வேண்டாமா?

ஆர்.கே., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.கே.,

ஈடனைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஈடனிலிருந்து நேரே பிளேயருக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் தொழிற்கட்சிப் பிரதமர் ஹரால்ட் வில்சன் இருக்கிறார். உங்கள் கேள்விக்கு அவரே பதில்.

1964 அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது அதற்கு இருந்த பெரும்பான்மை வெறும் 4. அஞ்சு பேர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் வாக்கெடுப்பில் தோற்க வேண்டியதுதான். பவுண்டின் மதிப்போ ஆட்டம் கண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க அமெரிக்காவின் உதவி தேவை. அந்த நேரத்தில்தான் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வியட்நாமுக்கு பிரிட்டிஷ் படை கேட்டார். பெரிய படைகூட வேண்டாம். ஒரு பேக்பைப் வாத்தியக் குழுவையாவது அனுப்பச் சொல்லி ஜான்சன் கெஞ்சுகிறார் என்று வில்சன் அமைச்சரவையில் சொன்னதாகக் குறிப்பு உண்டு. ஜான்சனுக்கு வேண்டியிருந்தது துப்பாக்கி அல்ல, பக்கத்தில் பறக்க ஒரு பிரிட்டிஷ் கொடி. ஆஸ்திரேலியா அனுப்பியது, நியூசிலாந்து அனுப்பியது. வில்சன் கடைசிவரை ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்பவில்லை.

1965 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு ஜான்சனைத் தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து பேச விரும்புவதாகச் சொன்னார் வில்சன். ஜான்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. மலேசியாவை எப்படி நடத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், வியட்நாமை எப்படி நடத்துவது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். மலேசியாவைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அங்கே இந்தோனேசியாவுக்கு எதிராக பிரிட்டன் ஆயிரக்கணக்கான வீரர்களை நிறுத்தியிருந்தது. ‘எங்கள் ஆட்கள் ஏற்கெனவே அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று கைவிரிக்க வில்சனுக்கு அதுவே உதவியது.

இன்னொரு பழைய கதையும் இதற்குப் பின்னால் இருக்கிறது. கொரியப் போரின்போது பிரதமர் அட்லி ராணுவச் செலவை ஏற்றினார். பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மக்களிடம் கட்டணம் வாங்கும் நிலை வந்தது. அதை எதிர்த்து 1951 ஏப்ரலில் அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். அவரோடு வெளியேறியவர்களில் ஒருவர் முப்பத்தைந்து வயது வில்சன். தூர தேசத்துப் போர் உள்ளூர்க் கிழவியின் கண்ணாடிவரை வந்து கைவைக்கும் என்பதைப் பதவியை இழந்து அறிந்த மனிதர் அவர்.

வில்சனை நான் உத்தமராக்கவில்லை. வியட்நாம் மீது குண்டு வீசியதை வாயால் ஆதரித்தவர்தான் அவர். 1966 ஜூனில் அமெரிக்கா வட வியட்நாமின் ஹனோய், ஹைபாங் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கியபோதுதான் எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டார். இடதுசாரிகள் அவரை அமெரிக்காவின் கையாள் என்றார்கள். அந்தப் பக்கம் ஜான்சனும் மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் வசை வாங்கினார். ஆனால் அவர் அனுப்பாத பையன்கள் உயிரோடு வீட்டில் இருந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

வில்சனால் எப்படி முடிந்தது? நீங்கள் பலவீனம் என்று நினைப்பதுதான் அவருக்குப் பலமாக இருந்தது. படை அனுப்பினால் சொந்தக் கட்சியின் இடதுசாரிகளே ஆட்சியைக் கவிழ்த்துவிடுவார்கள். அது ஜான்சனுக்கும் தெரியும். அதே தொழிற்கட்சியின் பிளேயருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. 2001இல் அவர் பெற்ற பெரும்பான்மை 167. 2003 மார்ச் 18 அன்று தொழிற்கட்சியில் 139 பேர் போருக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்து வாக்களித்தும், போருக்கு அனுமதி தரும் தீர்மானம் 412-149 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிதான் அவருக்குக் கைகொடுத்தது.

வேறு வழி இல்லை என்கிறீர்கள். அந்த வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 11 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டே பிரிட்டன் இல்லாமலும் இந்தப் போரை நடத்த முடியும் என்று பத்திரிகையாளர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். கதவை அமெரிக்காவே திறந்துவிட்டது. பிளேயர் வெளியே வரவில்லை. ஈராக்கில் இறந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் 179 பேர். இறந்த ஈராக்கியர்களின் எண்ணிக்கையை இந்த வரியில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த ‘முதுகில் குத்தல்’. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது அந்தச் சொல்தான். மார்ச் 17 இரவு பிளேயரின் அமைச்சர் ராபின் குக் ராஜினாமா உரை ஆற்றிய காட்சிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, தயவுசெய்து பாருங்கள். நான்கு ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். சிவந்த தாடி, சின்ன உருவம், அமைச்சர் அல்லாதவர்கள் உட்காரும் பின்வரிசை இருக்கை. இருபது ஆண்டுகளில் முதல்முறையாகப் பின்வரிசையிலிருந்து பேசுகிறேன் என்றுதான் தொடங்கினார். பேரழிவு ஆயுதம் என்று நாம் எல்லோரும் புரிந்துகொள்ளும் பொருளில் ஈராக்கிடம் அனேகமாக எதுவும் இல்லை என்று சொன்னார். இந்த நெருக்கடியைச் சாக்காக வைத்துப் பிளேயரைப் பதவியிலிருந்து இறக்க நினைப்பவர்களுக்குத் தன் ஆதரவு கிடையாது என்பதையும் அதே உரையில் சொன்னார். முகத்துக்கு நேரே பேசிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த அவையில் அன்று கைதட்டினார்கள், சிலர் எழுந்து நின்றார்கள்.

குக் 2005 ஆகஸ்டில் இறந்துபோனார். எடின்பரோவில் உள்ள அவரது கல்லறையில், போரைத் தடுப்பதில் நான் வெற்றி பெறாமல் இருந்திருக்கலாம், ஆனால் போரை முடிவுசெய்யும் உரிமையைப் பாராளுமன்றத்துக்குப் பெற்றுத் தந்தேன் என்று பொறித்திருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவைத் தாக்க அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் அவையின் சம்மதம் கேட்டார். அவரது கட்சியிலேயே பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். தீர்மானம் 285-272 என்று தோற்றது. அவையின் விருப்பம் புரிகிறது, அதன்படி நடப்பேன் என்று அங்கேயே எழுந்து சொன்னார் கேமரன்.