கிட்டார் ஆம்ப்பில் டிரைவ் சேனலுக்கு மாறினால் சத்தம் ஏன் எகிறுகிறது?

கிட்டார் ஆம்ப்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) தெளிவான ஒலிக்கு கிளீன் சேனல், கரகரப்பான ஒலிக்கு டிரைவ் சேனல் என்று தனித்தனியாக இருக்கும். எந்த சேனலுக்கு மாறினாலும் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும்படி வைப்பதுதான் சேனல் பேலன்ஸ்.

டிரைவில் சத்தம் எகிறுவதற்குக் காரணம் கெயின், அதாவது கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை ஆம்ப் தொடக்கத்திலேயே எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு. அதைக் கூட்டும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்படும், மெல்லிய ஒலிகளோ மேலே ஏறிவரும். உச்சம் அதே அளவில் இருந்தாலும் சராசரிச் சத்தம் கூடிவிடும். டிவி சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதை.

அதனால் முதலில் கிளீன் சேனல். பலமாக மீட்டினாலும் கரகரக்காத அளவில் அதை நிறுத்துங்கள். அப்புறம் டிரைவ் சேனலின் கெயினை வேண்டியபடி வைத்துவிட்டு, அதன் வால்யூமை மட்டும் திருகி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு கெயினைத் தொட்டால் வால்யூமையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர் போன்ற ஆம்ப்களில் இரண்டு சேனலுக்கும் ஒரே பேஸ், மிடில், டிரெபிள் குமிழ்கள்தான். அவற்றை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. முடிந்தால் இதையெல்லாம் டிரம்ஸ் முழங்கும்போதே செய்யுங்கள். படுக்கையறையில் கணீரென்று கேட்ட டிரைவ், பேண்டோடு சேரும்போது காணாமல் போவது சகஜம்.

இரண்டு வால்யூம் குமிழையும் 5-இல் வைத்தால் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்.